முதல்நூலும் வழிநூலும்

நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்துவது தொல்காப்பிய மரபு. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகவும் அது பகுத்துரைக்கும். பின்வந்த நன்னூலார் சார்புநூலையும் சேர்த்து மூவகை என்பார். ஒருவர் செய்த நூலுக்கும் அதன் வழியே மற்றொருவர் செய்த நூலுக்கும் உள்ள உறவை இப்பாகுபாடு விளக்குகிறது. உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு முழுவதையும் கூறாது நின்றமையால், எஞ்சிய பகுதியைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். பின்னதன் பெயரே அதன் நிலையைக் கூறிவிடுகிறது. இவ்வகை வழிநூலால் யாருக்கும் துன்பமில்லை.

ஆனால் கலையுலகில் வேறொரு நிலையும் உண்டு. கலைஞர் ஒருவர் தம் முதற்படைப்பால் பெரும்புகழ் எய்துகிறார். அதன்பின் அம்முதற்படைப்புக்குத் தாமே வழிநூல் எழுதத் தொடங்கிவிடுகிறார். தொகுத்துப் பார்க்கிறார், விரித்துப் பார்க்கிறார், பழைய ஒளி மீள்வதில்லை. இலக்கண நூலார் பெயரிடாது விட்ட இந்நிலை ஏன் நேர்கிறது, அதிலிருந்து மீண்டவர் எவ்வாறு மீண்டனர், நம் கல்லூரி மாணவர்க்கு அது நேராதிருக்க நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராக் இசைக்குழுக்களின் வரலாறு

இந்நிலையைத் தெளிவாகக் காட்டுவது மேலைநாட்டு ராக் இசையாகும். தமிழ்த்துறை மலரில் ராக் இசைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் செல்லும் மாணவர் சிலரின் செவிகளில் அவ்விசையும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மாணவர் செவி எங்குளதோ அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது ஆசிரியர்க்கு அழகு. தவிரவும், இக்குழுக்களின் வெற்றியும் தளர்ச்சியும் ஆல்பம் ஆல்பமாக, ஆண்டு ஆண்டாகப் பதிவு பெற்றிருப்பதால் ஆய்வுக்கு எளிதில் கைகொடுக்கின்றன.

அமெரிக்க நகரமாகிய பாஸ்டனின் பெயரையே தன் பெயராகக் கொண்ட குழுவொன்று 1976இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கிய டாம் ஷோல்ஸ் என்பவர் போலராய்டு நிறுவனத்தின் பொறியாளர். பகலெல்லாம் அலுவலகப் பணி. இரவில் தம் வீட்டின் நிலவறையில் தாமே அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைப்பணி. இவ்வாறு பல ஆண்டுகள் இழைத்து இழைத்துச் செய்த அந்த ஆல்பம், காலப்போக்கில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 இலட்சம் படிகள் விற்றது. இரண்டாம் ஆல்பத்தை 1978இலேயே வெளியிடுமாறு இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. வெளியிட்டனர், விற்கவும் செய்தது. ஆயினும் அது முதிராத கனி என்று ஷோல்ஸ் அவர்களே வருந்தினார். மூன்றாம் ஆல்பம் வருவதற்கு 1986 ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் தோன்றிய ஸ்டோன் ரோசஸ் குழுவின் முதல் ஆல்பம் 1989இல் வந்தது. பிரித்தானிய இசையின் சிறந்த முதற்படைப்புகளுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. அதன்பின் நிறுவனத்தோடு வழக்கு, காலத்தாழ்வு, குழுவினர்க்கிடையே விலகல் எனப் பல இடையூறுகள். இரண்டாம் ஆல்பம் 1994இன் இறுதியில்தான் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த சுவைஞர் பலர் ஏமாற்றமே அடைந்தனர். சில ஆண்டுகளில் அக்குழுவும் கலைந்தது.

முன்னதில் காலம் போதவில்லை. பின்னதில் காலம் மிகுந்துவிட்டது. விளைவு மட்டும் ஏறத்தாழ ஒன்றே. கன்ஸ் அண்ட் ரோசஸ் என்னும் குழு 1987இல் முதல் ஆல்பத்தால் உலகப்புகழ் பெற்றது. அதே குழு பத்தாண்டுகளுக்கு மேல் செப்பனிட்டு 2008இல் வெளியிட்ட ஆல்பம் அப்புகழின் அருகிலும் செல்லவில்லை. ஆகவே, 'அவகாசம் கொடுத்தால் போதும்' என்று கூறி இச்சிக்கலை முடித்துவிட இயலாது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

காணப்படாத ஆண்டுகள்

முதற்படைப்பு எனப்படுவது உண்மையில் முதலன்று. அதற்கு முன் எழுதிக் கிழித்தவை, பாடிக் கைவிட்டவை, யாரும் கேளாத மேடைகளில் பயின்றவை எனப் பல உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கையின் மொத்த விளைச்சலே முதல் ஆல்பமாகவும் முதல் நூலாகவும் களத்துக்கு வருகிறது. நாம் காண்பது அறுவடையை மட்டுமே. இரண்டாம் படைப்புக்கோ ஓரிரு ஆண்டுகளே வாய்க்கின்றன. அவ்வாண்டுகளும் பாராட்டு மேடையிலும் பயணத்திலும் கழிகின்றன. முதல் நூலில் வறுமையையும் ஏக்கத்தையும் ஊரையும் உறவையும் பாடியவர்க்கு இரண்டாம் நூலில் பாடுவதற்கு எஞ்சியிருப்பது தம் புகழ் ஒன்றே.

இதனினும் நுண்ணிய காரணம் ஒன்றுண்டு. முதற்படைப்பை உருவாக்கும்போது கலைஞரை எவரும் நோக்கவில்லை. தவறினாலும் நகைப்பார் இல்லை. அந்தத் தனிமையில் துணிவு பிறக்கிறது. இரண்டாம் படைப்பின்போது ஓராயிரம் கண்கள் நோக்குகின்றன. அவற்றுள் மிகக் கொடியது கலைஞரின் தோளுக்குப் பின் நின்று நோக்கும் அவருடைய முதற்படைப்பின் கண். எழுதும் ஒவ்வொரு வரியையும் அது தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. இதனால் கலைஞர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: பழையதையே திரும்பச் செய்கிறார், அல்லது பழையதன் எதிர்ப்பக்கத்திற்கு வலிந்து ஓடுகிறார். இரண்டுமே முதற்படைப்பை நடுவில் வைத்துச் சுற்றும் செக்கடிதான்.

இதிலிருந்து மீண்டாரும் உளர். லிவர்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழுவினர் 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவுதோறும் பல மணிநேரம் பாடிப் பயின்றனர். அப்பயிற்சியின் வலிமையால் 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தனர். முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி அவ்வொரு நாளில் முடிந்தது. பெரும்புகழ் வந்தது. ஆயினும் 1966 ஆகஸ்டு மாதத்தோடு மேடைப் பயணங்களை அடியோடு நிறுத்தினர். கைதட்டலிலிருந்து விலகிப் பதிவுக்கூடத்தில் அடைந்து கிடந்தனர். 1967இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் இசை வரலாற்றின் திருப்புமுனை எனப் போற்றப்படுகிறது. முதல் முறை வறுமை தந்த தனிமையை, இம்முறை தாமே விரும்பி ஏற்படுத்திக்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அன்னக்கிளியும் ரோஜாவும்

நம் தமிழகத்திற்கு வருவோம். இங்கு இசைக்குழுவின் ஆல்பத்திற்குரிய இடத்தைத் திரையிசையே பெற்றிருக்கிறது. 1976இல் அன்னக்கிளி வெளிவந்தபோது இளையராஜா என்னும் பெயர் ஒரே நாளில் நாடறிந்ததாயிற்று. ஒரே நாளில் அறியப்பட்டது பெயர்தான், இசையன்று. தம் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடியது, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றது, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணிபுரிந்தது என நீண்ட பயிற்சி அதன்பின் இருந்தது. அன்னக்கிளி வந்தபோது அவர்க்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

நாட்டுப்புற மெட்டால் வென்றவர் அம்மெட்டையே தம் வாழ்நாளெல்லாம் அரைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அங்ஙனம் அவர் செய்யவில்லை. இசையமைப்பாளராகப் பெயர்பெற்ற பின்னரும் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றார். வெற்றி பெற்றவர் மீண்டும் மாணவராகி ஆசிரியர்முன் அமர்வது எளிய செயலன்று. முள்ளும் மலரும் (1978), நிழல்கள் (1980) முதலிய படங்களின் இசை அன்னக்கிளியின் வழிநூலாக அமையாமல் தத்தம் அளவில் முதல்நூலாக அமைந்தமைக்கு இம்மாணவ மனப்பான்மையே காரணம் என்பது என் கருத்து.

1992இல் ரோஜா வந்தது. ஏ.ஆர். ரகுமானுக்கு அப்போது வயது இருபத்தைந்து. இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் பருவத்திலேயே பிறர் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்து, சென்னையில் ராக் இசைக்குழுவிலும் பங்குகொண்டு, விளம்பரப் படங்களுக்கு மெட்டமைத்துத் தேர்ந்த கை அது. முதற்படத்திற்கே தேசிய விருது கிடைத்தது. 2005இல் அமெரிக்காவின் டைம் இதழ் உலகத் திரைப்பட இசைத்தொகுப்புகளுள் சிறந்த பத்தில் ஒன்றாக அதனைக் குறித்தது. அன்று தொட்டு அவர் எது செய்தாலும் 'ரோஜா போல் இல்லை' என்னும் சொல் அவரைத் தொடர்ந்து வந்தது. 2009இல் அவர் இரண்டு ஆஸ்கார் விருதுகளை ஏந்தி நின்றபோதும், 'இதனினும் சிறந்தவற்றை அவர் முன்பே தந்துவிட்டார்' என்று கூறியவர் தமிழ்நாட்டில் பலர்.

அவர் இந்நிழலிலிருந்து வெளியேறிய வழி கருதத்தக்கது. மின்னிசைக் கருவிகளின் இளைஞர் என்று பேர்பெற்ற மறு ஆண்டிலேயே பாரதிராஜாவின் கிழக்குச் சீமையிலே (1993) படத்துக்கு இசையமைத்தார். அடுத்து அவருடைய கருத்தம்மா (1994) படத்துக்கும் இசையமைத்தார். இவை சிற்றூர் மண்ணின் கதைகள். 'ரோஜாவை எவ்வாறு மிஞ்சுவது' என்பது பழைய கேள்வி. 'இம்மண்ணுக்கு என் கருவிகளில் என்ன ஒலி உண்டு' என்பது புதிய கேள்வி. கேள்வி மாறினால் அளவுகோலும் மாறிவிடுகிறது.

1974இன் இரு கவிதை நூல்கள்

இசையில் கண்ட இவ்வுண்மை இலக்கியத்திற்கும் பொருந்துமா என நோக்குவோம். புதுக்கவிதை வரலாற்றில் 1974 மறக்கவியலாத ஆண்டு. மு. மேத்தாவின் கண்ணீர்ப் பூக்களும் அப்துல் ரகுமானின் பால்வீதியும் அவ்வாண்டில் வெளிவந்தன. இருவரும் நம் சமுதாயம் தமிழுக்குத் தந்த கவிஞர்கள். இருவரும் கல்லூரித் தமிழாசிரியர்கள். இருவர்க்கும் அதுவே முதற்கவிதை நூல்.

கண்ணீர்ப் பூக்கள் பதிப்புக்குப் பின் பதிப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒரு தலைமுறை மாணவர் அதனை உள்ளங்கையில் ஏந்தித் திரிந்தனர். மேத்தா அதன்பின் எத்தனையோ நூல்கள் எழுதினார். 2006இல் ஆகாயத்துக்கு அடுத்த வீடு என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எனினும் அவர் பெயரைக் கேட்டவுடன் வாசகர் நினைவுக்கு வருவது எது? கண்ணீர்ப் பூக்களே. பின்வந்த நூல்களைப் படித்துப் பார்த்துவிட்டு இம்முடிவுக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதே என் வினா. முதல் நூலின்மீது கொண்ட அன்பு, அடுத்த நூலைத் திறவாமலே தீர்ப்பு வழங்கும் அளவுக்குச் சென்றுவிடுகிறது.

வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் பணியாற்றிய கவிக்கோ வேறு வழியில் சென்றார். பால்வீதி படிமக் கவிதைகளால் ஆனது. அப்படிமங்களை மேன்மேலும் அடுக்கியிருந்தால் கைதட்டலுக்குக் குறைவிருந்திராது. அவரோ கவியரங்க மேடையையும், ஐக்கூவையும், கஜலையும் ஒவ்வொன்றாகத் தம் களமாக்கிக்கொண்டார். ஆலாபனை என்னும் நூலுக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது பால்வீதி வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. உருதுக் கஜலைத் தமிழில் வடித்த மின்மினிகளால் ஒரு கடிதம் அதற்குப் பின்னர் வந்தது. பெரும்புகழ் பெற்ற பின்னர் ஒரு புதிய வடிவத்தில் தொடக்கநிலை மாணவராக நிற்க அவர் நாணவில்லை.

தோப்பில் முகமது மீரான் அவர்களின் முதல் நாவலாகிய ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988இல் நூலாயிற்று. தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை வாழ்வை உள்ளிருந்து கூறிய அந்நூலே அவர் நூல்களுள் தலையாயது என்போர் பலர். ஆனால் 1997இல் விருது பெற்றது சாய்வு நாற்காலி. எது சிறந்தது என்பது அவரவர் சுவையைப் பொறுத்தது. முதல் நூலின் புகழைக் காட்டி அவர் தம் பேனாவை மூடிவைத்திருந்தால் அவ்வினாவுக்கே இடமிருந்திராது என்பதை மட்டும் இங்குச் சுட்டுகிறேன்.

ஒன்றே பாடியவரும் ஓய்ந்து நின்றவரும்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒருவரிடம் கூறுவதற்கு ஒன்றுதான் இருந்தது; அதனைக் கூறிவிட்டார்; அடுத்தது வெறுமையாயிற்று. இதற்கு உலகத்தை ஏன் குறைகூற வேண்டும் என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. எல்லாத் தளர்ச்சிக்கும் சந்தையும் சுவைஞரும் காரணமாகிவிட மாட்டார்கள். சோம்பலும் செருக்கும் கலைஞரிடத்தும் உண்டு. முதல் வெற்றிக்குப் பின் படிப்பதை நிறுத்தியவர் எழுத்தில் வறட்சி ஏற்படுவது இயல்பே.

ஆயினும் ஒன்றே பாடியவரைத் தமிழ் ஒருபோதும் இகழ்ந்ததில்லை. சங்கப் புலவருள் ஒரே பாடலால் அறியப்படுவோர் பலர். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர்க்குப் பெயர்கூட எஞ்சவில்லை. பாடலின் உவமையால் செம்புலப் பெயனீரார் என்றே வழங்குகிறார். அவரிடம் யாரும் இரண்டாம் பாடலைக் கேட்கவில்லை. அவ்வொரு பாடலை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறோம். மாறாகக் கணியன் பூங்குன்றனாரை எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் 192ஆம் பாடல் உலகமெங்கும் ஒலிக்கிறது. அவர் பாடியதாக நற்றிணையில் 226ஆம் பாடலும் உண்டு என்பதைத் தமிழ் பயில்வோருள்ளும் சிலரே அறிவர். ஒரு பாடலின் பேரொளி மற்றொரு பாடலை இருளில் ஆழ்த்திவிட்டது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு இரு சான்றுகள் உள்ளன. மௌனி முப்பதுகளின் பிற்பகுதியில் மணிக்கொடியில் எழுதிய கதைகளால் புகழ்பெற்றவர். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனே அவரைத் திருமூலரோடு ஒப்பிட்டுப் போற்றினார். பிற்காலத்தில் சிதம்பரத்தில் குடியேறி 1985இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த அவர், வாழ்நாளெல்லாம் எழுதிய கதைகள் ஏறத்தாழ இருபத்துநான்கே. கேட்பார் கேட்டபோதெல்லாம் கதை தந்திருந்தால் நூறு கதைகள் சேர்ந்திருக்கும். மௌனி இருந்திருக்க மாட்டார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் இதற்கு நேர்மாறானவர். ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை பெருமழையெனப் பொழிந்தார். பின்னர்ப் புனைகதையைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். 'ஏன் எழுதவில்லை' என்ற கேள்வி அவரைச் சூழ்ந்தது. அவர் தம்மைத் தாமே நகலெடுக்க உடன்படவில்லை. 2002ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவரைத் தேடி வந்தபோதும் அதற்காகப் புதிதாக ஒரு கதை எழுதிக் காட்டவில்லை. நகலைவிட மௌனம் நேர்மையானது என்பதை இவ்விருவரும் இருவேறு வழிகளில் உணர்த்தினர்.

கருங்குழி காட்டும் நெறி

மௌனத்தினும் உயர்ந்த வழியொன்றைக் காட்டியவர் வள்ளலார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளின் இளமை சென்னையில் கழிந்தது. பின்னர் அந்நகரத்தை விட்டு நம் பகுதிக்குத் திரும்பிக் கருங்குழி என்னும் சிற்றூரில் தங்கினார். அவர் பாடல்களின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரால் அச்சாயின. புகழும் வந்தது, கூடவே கடுமையான எதிர்ப்பும் வந்தது. அருட்பாவா மருட்பாவா என்னும் போர் தமிழுலகத்தையே இருகூறாக்கியது.

இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவில் அவர் என்ன செய்தார்? அதே 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவிப் பசித்தோர்க்கு உணவிட்டார். பின்னர் மேட்டுக்குப்பத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். பழைய பாடல்களைக் காத்துக்கொள்ளும் கவலையும், எதிர்த்தவரை வெல்லும் முனைப்பும் அவர் பாட்டைக் கட்டவில்லை. ஆறாம் திருமுறை அவர் காலத்திற்குப் பின் 1885இல்தான் அச்சாயிற்று. அவர் கவிதையின் கொடுமுடி அத்திருமுறையே என்று கருதும் அறிஞர் பலர். முதலில் அச்சேறியவற்றைவிட இறுதியில் வந்தது உயர்ந்து நிற்கிறது. பாட்டுக்கு வெளியே ஒரு பெருந்தொண்டு இருந்தது. அத்தொண்டிலிருந்து புதிய பாட்டு ஊறியது. புகழை உண்டு வாழ்பவர்க்கு வற்றிப்போகும் ஊற்று, உலகத்தின் பசியை நோக்குபவர்க்கு வற்றுவதில்லை.

ஆக, மீண்டவர் யாவரிடத்தும் சில பண்புகளைக் காண்கிறோம். கைதட்டலிலிருந்து விலகியிருத்தல், வெற்றிக்குப் பின்னும் மாணவராய் அமர்தல், பழைய விடையை விடுத்துப் புதிய கேள்வியைத் தேடல், தம்மைவிடப் பெரிய ஒன்றில் ஈடுபடுதல் ஆகியன அவை.

நம் முன்னுள்ள கடமை

இவையெல்லாம் பெரியோர் வரலாறு. நமக்கு இதில் என்ன என்று எண்ணலாகாது. நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இதே நாடகம் சிறிய அளவில் நடைபெறுகிறது. முதலாமாண்டில் கவிதைப் போட்டியில் முதற்பரிசு பெற்று, மாலையும் கேடயமும் ஏந்திய மாணவர், மூன்றாமாண்டில் ஒரு வரியும் எழுதாமல் வெளியேறுகிறார். 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2011 இறுதியில் தானே புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடிய பின்னும், இளையோர் பலர் உள்ளம் வெடித்து எழுதினர். கண்ணெதிரே கண்ட துயரம் அவர்க்குச் சொல் தந்தது. அவருள் இன்றும் எழுதுவோர் எத்தனை பேர்? புயல் தந்த முதற்கவிதைக்குப் பின் புயல் இல்லாத நாளில் எழுதும் பயிற்சியை அவர்க்கு யாரேனும் தந்தோமா?

இவ்வாறு வாடுவது ஒரு தனி மாணவரின் விருப்பம் மட்டுமன்று. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இங்கு மிகுதி. பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் வாழ்வையோ, நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயலின் உழைப்பையோ, வீட்டுக்குள் அடங்கிய நம் பெண்மக்களின் குரலையோ எழுத்தில் பதிய வல்லவர் அவர்களே. அவர் முதற்கவிதையோடு நின்றுவிட்டால் அவ்வாழ்வும் எழுதப்படாமலே மறையும். இழப்பு தமிழுக்கும் சமுதாயத்துக்கும் உரியது.

எனவே முத்திறத்தார்க்கும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் முதற்பரிசுக் கவிதையை ஒருமுறை நன்கு படித்து மகிழ்ந்தபின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த கவிதையை அதனோடு ஒப்பிடாதீர்கள். இரண்டாம் கவிதை குறையுடையதாய் இருப்பின் நாணாதீர்கள். குறையுடைய இரண்டாவதைக் கடவாமல் நிறைவுடைய மூன்றாவதை யாரும் அடைந்ததில்லை. நிறைய படியுங்கள். எழுதாத நாளிலும் படிப்பதை நிறுத்தாதீர்கள். சிதம்பரம் வரை செல்லும் வழியில் செவிக்கருவியைச் சற்றே கழற்றி, பக்கத்து இருக்கைப் பெரியவர் பேசுவதையும் கேளுங்கள். அடுத்த கவிதைக்குரிய சொல் அங்கிருந்தும் வரக்கூடும்.

ஆசிரியப் பெருமக்களே! 'முன்புபோல் இல்லை' என்பது திறனாய்வாகாது. எந்த வரி தளர்ந்தது, எந்தச் சொல் இரவல், எவ்விடத்தில் உணர்வு பொய்த்தது எனச் சுட்டிக்காட்டுவதே திறனாய்வு. அவ்வாறு சுட்டும் நேர்மையும், சுட்டியபின் தோளில் கைவைக்கும் பரிவும் ஒருங்கே வேண்டும். பரிசு வழங்கும் போட்டிகள் போதிய அளவு உள்ளன. பரிசில்லாத, பார்வையாளரில்லாத, எழுதியதைத் தயங்காமல் கிழித்தெறியத்தக்க பட்டறைகள் மாதந்தோறும் நடைபெறல் வேண்டும். பீட்டில்ஸ் குழுவினர்க்கு ஹாம்பர்க் எதுவோ, பாஸ்டன் பொறியாளர்க்கு நிலவறை எதுவோ, அதனை நம் மாணவர்க்கு நம் துறையே அளித்தல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! இளங்கவிஞரின் முதல் நூலுக்கு வாழ்த்துரை வழங்கி, வெளியீட்டு விழா எடுத்து, பொன்னாடை போர்த்தும் பெருந்தன்மை உங்களிடம் நிரம்ப உண்டு. அதனை நன்றியோடு போற்றுகிறோம். உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறோம்: முதல் நூலுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை இரண்டாம் நூலுக்கென எடுத்து வையுங்கள். இரண்டாம் நூலின் விழாவுக்கு வருவோர் குறைவு. படி வாங்குவோர் அதனினும் குறைவு. கவிஞர்க்குத் துணை மிகவும் வேண்டப்படுவது அப்போதுதான். எழுதாமல் அமைதியாக இருக்கும் இளைஞரைக் கண்டால், 'என்ன, வேறொன்றும் எழுதவில்லையா' என்று பலர் நடுவில் கேட்க வேண்டாம். 'என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். முதற்கேள்வி குத்துகிறது, இரண்டாம் கேள்வி நீர் வார்க்கிறது.

தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தபின் உழவர் மீண்டும் ஒட்டுக் கன்றுகளை நட்டனர். ஒட்டுக் கன்று நட்ட தொடக்க ஆண்டுகளிலேயே பூத்துவிடும். அறிந்த உழவர் அப்பூங்கொத்துகளைக் கிள்ளி எறிவார். அப்போதுதான் வேர் இறங்கும், தண்டு தடிக்கும், கிளை பரவும். முதற்பூவைக் கண்டு மகிழ்ந்து அதிலேயே காய் பறிக்க முனைந்தால் மரம் நலிந்துபோகும். காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்தோர் நாம். நம் பிள்ளைகளின் முதற்பூவைப் போற்றுவோம். அதற்குப் பின் வேர் இறங்குவதற்குரிய காலத்தையும் நீரையும் மறவாது அளிப்போம். அவர்கள் தம் முதல்நூலுக்கு வழிநூல் எழுதி ஓயாமல், ஒவ்வொரு நூலையும் முதல்நூலாகவே எழுதுவார்களாக!